பழைய நாஸை விற்கும் முன் தரவை அழித்தல்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

நாஸ் எனப்படும் வலையமைப்புச் சேமிப்புச் சாதனத்தை விற்க முடிவெடுத்தவர்களில் பெரும்பாலோர் முதலில் செய்வது, அமைப்புப் பக்கத்தில் ஃபேக்டரி ரீசெட் எங்கே இருக்கிறது என்று தேடி அதை அழுத்துவதுதான். சில நிமிடங்களில் வேலை முடிந்ததாகத் திரையில் செய்தி வந்துவிடும். ஆனால் 4 டெராபைட் வன்தட்டு என்பது 4 லட்சம் கோடி பைட். விநாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினாலும் அதை முழுவதும் நிரப்ப ஏறத்தாழ ஏழரை மணி நேரம் வேண்டும். ஆகவே சில நிமிடங்களில் முடிந்த வேலை எதுவாக இருந்தாலும் அது தரவை மேலெழுதிய வேலையாக இருக்க முடியாது. அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும், கோப்பு முறைமையின் அட்டவணை புதிதாக எழுதப்பட்டிருக்கும். படங்களும் ஆவணங்களும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதற்கு ஊரறிந்த சான்று ஒன்று உண்டு. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் மை புக் லைவ் சாதனங்கள் பலவற்றை, மென்பொருள் ஓட்டையைப் பயன்படுத்தி இணையம் வழியாக யாரோ ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்நிறுவனமே தரவு மீட்புச் சேவையை அளிக்க முன்வந்தது. ரீசெட்டுக்குப் பிறகும் வன்தட்டில் மீட்பதற்குத் தரவு இருந்தால்தானே அப்படி ஒரு சேவைக்குப் பொருள் இருக்கும்? தரவை இழந்தவருக்கு அது ஆறுதல். சாதனத்தை விற்பவருக்கு அதுவே ஆபத்து.

கீழே சொல்லப்படும் எதையும் தொடங்குமுன் இரண்டு காரியங்களை முடித்துக்கொள்ளுங்கள். காப்புப் பிரதியிலிருந்து சில கோப்புகளை உண்மையிலேயே திறந்து பாருங்கள். பெயர் பட்டியலில் தெரிவது போதாது. அடுத்து, ஒவ்வொரு வன்தட்டின் லேபிளிலும் அச்சிட்டிருக்கும் வரிசை எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கணினியில் இணைத்து அழிக்கும்போது திரையில் தெரியும் வரிசை எண்ணும் தாளில் உள்ளதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே கட்டளையை இயக்க வேண்டும். ஒரே கொள்ளளவுள்ள இரண்டு வட்டுகள் கணினியில் இருந்தால், தவறான வட்டை அழிப்பதற்கு ஓர் எழுத்துப் பிசகு போதும். இயன்றால் கணினியின் சொந்த வட்டைக் கழற்றி வைத்துவிட்டு, யுஎஸ்பி பென் டிரைவிலிருந்து இயங்கும் லினக்ஸில் வேலை செய்யுங்கள்.

ரீசெட் செய்த பிறகும் சாதனம் பழைய வட்டுகளை அடையாளம் கண்டுகொள்கிறது

வட்டுகளைக் கழற்றி மீண்டும் செருகும்போது அவற்றை இடம்பெயர்க்கலாம் என்றோ மீட்கலாம் என்றோ நாஸ் சொன்னால், வட்டில் ரெய்டு அமைப்பின் (பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் முறை) தலைப்புத் தகவல் அப்படியே இருக்கிறது என்று பொருள். தலைப்புத் தகவல் இருக்கும் இடத்தில் தரவும் இருப்பதாகவே கொள்ள வேண்டும்.

இங்கே பின்பக்க ரீசெட் பொத்தானைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சினாலஜி சாதனங்களில் அதை 4 விநாடி அழுத்தினால் நிர்வாகியின் கடவுச்சொல்லும் வலையமைப்பு அமைப்புகளும் மட்டுமே மாறும். ஒலி கேட்டு விட்டுவிட்டு உடனே மறுபடி அழுத்தினால் இயங்குதளத்தை மீண்டும் நிறுவும் நிலைக்குச் சாதனம் போகும். அப்போதும் சேமிப்புப் பகுதியில் உள்ள கோப்புகள் தொடப்படுவதில்லை. கடவுச்சொல்லை மறந்த உரிமையாளர் தன் தரவை இழக்காமல் உள்ளே வரவேண்டும் என்பதற்காகவே அந்தப் பொத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. அதே வசதி சாதனத்தை வாங்கியவருக்கும் கிடைக்கும் என்பதை விற்பவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

தீர்வு ஒன்றுதான்: ஒவ்வொரு வட்டையும் தனித்தனியே, முதல் செக்டரிலிருந்து (வட்டின் சிறு சேமிப்புத் துண்டு) கடைசிச் செக்டர் வரை அழிக்க வேண்டும். ரெய்டு 1 அமைப்பில் ஒரு வட்டை மட்டும் அழித்தால் மற்றொன்றில் முழுப் பிரதியும் இருக்கும். ரெய்டு 5 அமைப்பில் ஒரு வட்டு தனியே கிடைத்தால் யாரும் ஒன்றும் படிக்க முடியாது என்ற நம்பிக்கையும் தவறானது. தரவு 64 கிலோபைட், 512 கிலோபைட் போன்ற துண்டுகளாகத்தான் வட்டுகளுக்கிடையே பிரிக்கப்படுகிறது. ஒரு துண்டுக்குள் அடங்கிவிடும் கடிதமோ கடவுச்சொல் பட்டியலோ ஒரே வட்டில் முழுதாக இருக்கும்.

எல்லாக் கோப்புகளையும் நீக்கியும் காலி இடம் கூடவில்லை

பகிர்வுக் கோப்புறையின் மறுசுழற்சித் தொட்டியையும் ஸ்னாப்ஷாட்டுகளையும் (கோப்புகளின் முந்தைய நிலையை அப்படியே வைத்திருக்கும் பதிவுகள்) பாருங்கள். பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் ஆகிய கோப்பு முறைமைகள் மாற்றத்தைப் பழைய இடத்தின் மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதுகின்றன. ஆகவே ஒரு கோப்பின் மேல் வேறு தரவை எழுதும் ஷ்ரெட் போன்ற கருவிகள் அவற்றில் பயனற்றவை. புதிதாக எழுதுவது வேறோர் இடத்துக்குப் போகும், பழைய உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். கோப்பு கோப்பாக அழிக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டு வட்டு முழுவதையும் அழிப்பதே சரி.

பாதுகாப்பான அழிப்புக்கான பொத்தான் மங்கலாக இருக்கிறது

சில நாஸ்களின் சேமிப்பு மேலாளரில் வட்டைத் தேர்ந்தெடுத்துப் பாதுகாப்பாக அழிக்கும் வசதி உண்டு. வட்டு ஒரு சேமிப்புத் தொகுப்பில் (ஒன்றாகச் சேர்த்த வட்டுகள்) உறுப்பாக இருக்கும்வரை அதை அழுத்த முடியாது. முதலில் தொகுதியையும் (தொகுப்பின் மேல் கோப்புகளுக்காக அமைத்த பகுதி), பிறகு சேமிப்புத் தொகுப்பையும் நீக்கினால் பொத்தான் இயங்கத் தொடங்கும். நீக்கிய பிறகும் கடைசி வட்டுக்கு மட்டும் அது மங்கலாகவே இருந்தால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. இவ்வகைச் சாதனங்களில் பல, தங்கள் இயங்குதளத்தையே வட்டுகளில் ஒரு சிறு பகிர்வில் வைத்திருக்கின்றன. தான் இயங்கிக்கொண்டிருக்கும் வட்டைச் சாதனம் அழிக்காது. கடைசி வட்டைக் கணினியில் இணைத்துத்தான் அழிக்க வேண்டும்.

இடையில் ஒரு வட்டைக் கழற்றியதும் சாதனம் விடாமல் பீப் ஒலி எழுப்பினால் அது ரெய்டு சிதைந்ததற்கான எச்சரிக்கை; ஒலியை நிறுத்திவிட்டு வேலையைத் தொடரலாம். ஆனால் அழித்த வட்டை, பழைய தொகுப்பு இன்னும் உயிரோடு இருக்கும் சாதனத்தில் மீண்டும் செருகாதீர்கள். பழுதுபார்க்கும் பணி தொடங்கினால், அழித்த தரவு மற்ற வட்டுகளிலிருந்து அதற்குள் மறுபடி எழுதப்பட்டுவிடும்.

கணினியில் இணைத்தால் ஃபார்மட் செய்யச் சொல்கிறது, அல்லது வட்டு பயன்பாட்டில் இருப்பதாக மறுக்கிறது

விண்டோஸுக்கு லினக்ஸ் ரெய்டு பகிர்வுகளைப் படிக்கத் தெரியாது. அதனால்தான் வட்டு காலியானது போல நினைத்து ஃபார்மட் செய்யவா என்று கேட்கிறது. விரைவு ஃபார்மட் அட்டவணையை மட்டுமே எழுதும். டிஸ்க்பார்ட் கருவியில் ‘க்ளீன்’ என்று மட்டும் கொடுத்தால் பகிர்வுத் தகவல் போகும், தரவு போகாது. ‘க்ளீன் ஆல்’ என்று கொடுத்தால்தான் ஒவ்வொரு செக்டரிலும் பூச்சியம் எழுதப்படும். ஒரே ஒரு சொல்லின் வேறுபாடு. முன்னது நொடியில் முடியும், பின்னது மணிக்கணக்கில் ஓடும்.

லினக்ஸில் நேர்மாறான சிக்கல் வரும். இணைத்த உடனேயே அது ரெய்டு தலைப்பைப் படித்து அணியை, அதாவது ரெய்டு வட்டுகளின் கூட்டை, தானாகக் கூட்டிவிடுவதால், வட்டு பயன்பாட்டில் இருக்கிறது என்று அழிக்கும் கருவி மறுக்கும். ஏற்றப்பட்ட பகிர்வுகளை இறக்கி, எல்விஎம் (லினக்ஸில் சேமிப்பிடத்தைப் பகுதிகளாகப் பிரித்து நிர்வகிக்கும் அடுக்கு) இருந்தால் அதைச் செயலிழக்கச் செய்து, இறுதியில் எம்டிஆட்ம் கருவியால் அணியை நிறுத்துங்கள். வரிசை மேலிருந்து கீழாக இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் அதே மறுப்பு மீண்டும் வரும்.

வட்டின் கொள்ளளவு லேபிளில் உள்ளதைவிடக் குறைவாகத் தெரிகிறது

இந்த அறிகுறியைக் கவனிக்காமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமானது என்பது என் கருத்து. ஏனெனில் இங்கே பிழைச் செய்தி எதுவும் வராது. அழிப்பு வெற்றிகரமாகவே முடியும், தெரிந்த பகுதிக்கு மட்டும்.

3 டெராபைட் வட்டு, 746 ஜிபி அளவுள்ளதாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். குற்றவாளி பெரும்பாலும் இடையில் உள்ள பழைய யுஎஸ்பி டாக் (வட்டைக் கணினியோடு யுஎஸ்பி வழியாக இணைக்கும் கருவி) தான். 32 பிட் செக்டர் எண்ணையும் 512 பைட் செக்டரையும் மட்டுமே அறிந்த சிப்பால் ஏறத்தாழ 2.2 டெராபைட்டுக்கு மேல் எண்ண முடியாது. அந்த எல்லையைத் தாண்டியதும் எண் மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்குவதால், மிச்சமுள்ள பகுதியின் அளவே வட்டின் மொத்த அளவாகக் காட்டப்படுகிறது. இந்த நிலையில் அழித்தால் வட்டின் பெரும்பகுதி தொடப்படாமல் எஞ்சும். வட்டை நேரடியாகக் கணினியின் சாட்டா இணைப்பில் பொருத்தி மீண்டும் அளவைப் பாருங்கள். ஆனால் விண்டோஸ் 3 டெராபைட்டை 2.72 என்று காட்டுவது குறைபாடு அன்று. அது 1024-இன் அடுக்கில் கணக்கிடுகிறது, அவ்வளவுதான்.

நேரடி இணைப்பிலும் அளவு குறைந்தே இருந்தால், வட்டின் கடைசிப் பகுதி எச்பிஏ எனப்படும் மறைவிடமாக ஒதுக்கப்பட்டிருக்கலாம். வேறு கணினியிலிருந்து கழற்றி நாஸில் போட்ட வட்டுகளில் இதைக் காணலாம். லினக்ஸின் ஹெச்டிபார்ம் கருவியில் ஆங்கிலப் பெரிய எழுத்து ‘என்’ தெரிவைக் கொடுத்தால், இப்போது தெரியும் செக்டர்களின் எண்ணிக்கையும் வட்டின் உண்மையான எண்ணிக்கையும் சாய்கோட்டுக்கு இரு பக்கமும் வரும். இரண்டும் ஒன்றாக இல்லையெனில் முழு எண்ணிக்கையை மீட்டமைத்துவிட்டு அழியுங்கள்.

செக்யூர் எரேஸ் கட்டளையை வட்டு ஏற்க மறுக்கிறது

சாட்டா வட்டுகளின் உள்ளேயே தன்னை முழுவதும் அழித்துக்கொள்ளும் கட்டளை ஒன்று உண்டு. ஹெச்டிபார்ம் தரும் தகவலின் பாதுகாப்புப் பகுதியில் ‘ஃப்ரோசன்’ என்று இருந்தால், கணினியின் பயாஸ் (இயங்குதளத்துக்கு முன் இயங்கும் அடிப்படை நிரல்) தொடக்கத்திலேயே அந்தக் கட்டளைக்குத் தடை போட்டுவிட்டது என்று அறியலாம். தீய நிரல் ஏதும் வட்டைப் பூட்டிவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. கணினியைத் தூக்க நிலைக்கு அனுப்பி மீண்டும் எழுப்பினால் பெரும்பாலும் தடை விலகும். அதே வரி ‘நாட் ஃப்ரோசன்’ என்று மாறியிருக்கும். யுஎஸ்பி டாக் வழியாக இந்தக் கட்டளையை முயலவே வேண்டாம். பல டாக்குகள் அதை வட்டுக்குக் கடத்துவதில்லை, சில பாதியில் தொடர்பை அறுத்துவிடும்.

இந்தக் கட்டளையை இயக்குமுன் வட்டுக்குத் தற்காலிகக் கடவுச்சொல் ஒன்றைக் கொடுக்க வேண்டும். அதை வெற்றாக விடாமல், எளிய சொல்லாக வைத்து, வரிசை எண் எழுதிய தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள். இடையில் மின்சாரம் நின்றால் வட்டு அந்தக் கடவுச்சொல்லோடு பூட்டிக்கொண்டு, படிக்கவோ எழுதவோ விடாது. அப்படி நேர்ந்தால் பதற வேண்டியதில்லை. அதே கடவுச்சொல்லைக் கொடுத்து அழிப்புக் கட்டளையை மறுபடி தொடங்கலாம். அழிப்பு முறையாக முடிந்ததும் பூட்டு தானாக நீங்கிவிடும். எத்தனை நிமிடம் ஆகும் என்ற மதிப்பீட்டையும் ஹெச்டிபார்ம் அதே பகுதியில் காட்டுகிறது. அந்த நேரம் முழுவதும் திரையில் எந்த முன்னேற்றமும் தெரியாது என்பதால், உறைந்துவிட்டது என்று நினைத்து மின்சாரத்தை நிறுத்துபவர்களே இங்கு அதிகம் சிக்குகிறார்கள்.

மேலெழுதுதல் முடியவே இல்லை, அல்லது பிழையோடு நிற்கிறது

முதலில் இணைப்பைப் பாருங்கள். யுஎஸ்பி 2.0 துளையில் விநாடிக்கு ஏறத்தாழ 35 மெகாபைட்தான் கிடைக்கும். அந்த வேகத்தில் 4 டெராபைட் வட்டுக்கு 32 மணி நேரம் பிடிக்கும். இணைப்பு சரியாக இருந்தும் நாள்கணக்கில் ஓடுகிறதென்றால், கருவியில் 35 சுற்று முறை தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பீட்டர் கட்மன் 1996-இல் முன்வைத்த அந்த முறை, அன்றைய வட்டுகளின் பதிவு முறைகளுக்காக வகுக்கப்பட்டது. இன்றைய வட்டுகளுக்கு அது தேவையில்லை என்று பின்னர் அவரே எழுதிவிட்டார். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், காந்த வட்டுகளுக்குப் பூச்சியம் போன்ற நிலையான மதிப்பை ஒரே ஒரு சுற்று எழுதினால் பொதுவாகப் போதும் என்றது. மிச்சமாகும் நேரத்தைச் சரிபார்ப்பதில் செலவிடுவது எவ்வளவோ மேல்.

பிழையோடு நின்றால் வட்டின் ஸ்மார்ட் தகவலை (வட்டு தன் உடல்நிலை பற்றித் தானே வைத்திருக்கும் பதிவு) படியுங்கள். 197-ஆம் பண்பு பூச்சியத்துக்கு மேல் இருந்தால் படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் உள்ளன. அவற்றின் மேல் எழுதும்போது வட்டே அவற்றைச் சரிசெய்யும் அல்லது மாற்று இடத்துக்கு நகர்த்தும். நகர்த்தப்பட்டவை 5-ஆம் பண்பில் கணக்கில் வரும். நகர்த்தப்பட்ட பழைய செக்டரில் பழைய தரவு எஞ்சியிருக்கலாம், சாதாரண மேலெழுதுதல் அங்கே எட்டாது. செக்யூர் எரேஸின் மேம்பட்ட வடிவம் அவற்றையும் சேர்த்து அழிக்கும்படி வரையறுக்கப்பட்டிருக்கிறது. 5-ஆம் பண்பு ஏறிக்கொண்டே போகும் வட்டை விற்காதீர்கள். அது வாங்குபவருக்கும் நேர்மையான விற்பனை ஆகாது.

வட்டு சுழலவே இல்லை என்றால், உள்ளே இருப்பதை மென்பொருளால் அழிக்க வழியில்லை. மின்சுற்றுப் பலகை மட்டும் பழுதான வட்டிலிருந்து மீட்பு வல்லுநர்களால் தரவை எடுக்க முடியும். அத்தகைய வட்டைத் தட்டுகள் சிதையும்படி உடைத்துவிட்டு மின்கழிவாகக் கொடுங்கள். கண்ணாடித் தட்டுகள் இருக்கக்கூடும் என்பதால் கண்ணுக்குப் பாதுகாப்பு அணியுங்கள்.

வன்தட்டுகள் எல்லாம் அழிந்தன. ஆனால் கேச் எஸ்எஸ்டி உள்ளே இருக்கிறது

அடிப்பகுதியிலோ உள்பக்கவாட்டிலோ இருக்கும் எம்.2 துளைகளில் வேகத்துக்காகச் செருகிய எஸ்எஸ்டியை (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் வட்டு) மறந்தே விற்றுவிடுகிறார்கள். அடிக்கடி திறந்த கோப்புகளின் பிரதிகள் இருப்பது அதில்தான். எஸ்எஸ்டி தேய்மானத்தைப் பரவலாக்குவதற்காக எழுதும் இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பதாலும், வெளியே காட்டாத உபரி இடம் வைத்திருப்பதாலும், மேலெழுதுவதை நம்ப முடியாது. எஸ்எஸ்டி என்விஎம்இ வகையாக இருந்தால், லினக்ஸில் உள்ள ஃபார்மட் கட்டளையில் அழிப்பு வகையை 1 என்று கொடுத்தால் பயனர் தரவு அழியும். 2 என்று கொடுத்தால், வட்டு அதை ஏற்குமானால், குறியாக்கத் திறவுகோல் (தரவைப் படிக்கத் தேவையான சாவி) அழியும். எதுவும் கொடுக்காமல் விட்டால் மதிப்பு பூச்சியம். அப்போது பாதுகாப்பான அழிப்பு கோரப்படவே இல்லை.

தொகுதி குறியாக்கம் செய்யப்பட்டிருந்தது, அழிக்க வேண்டுமா?

சாதனத்தைத் தொடங்கியதும் கடவுச்சொல் கேட்காமல் கோப்புகள் திறந்தனவா? அப்படியானால் திறவுகோல் பெரும்பாலும் அதே சாதனத்தில்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. பூட்டின் மேலேயே சாவியைத் தொங்கவிட்டதற்கு ஒப்பு. முழு அழிப்பைச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் நீங்களே நீண்ட கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்து திறந்திருந்தால் மட்டும், திறவுகோல் இருக்கும் தலைப்புப் பகுதியை அழிப்பது பெரும் பாதுகாப்பு தரும். அப்போதும் குறியாக்கம் முதல் நாளிலிருந்தே இருந்ததா, சில கோப்புறைகளுக்கு மட்டும் பின்னால் சேர்க்கப்பட்டதா என்று எண்ணிப் பாருங்கள். ஐயம் இருந்தால் அந்த ஏழரை மணி நேரத்தைச் செலவழித்துவிடுவதே நல்லது.

முடிந்தது என்று வந்துவிட்டது. உறுதி செய்வது எப்படி?

வட்டைப் படித்துப் பாருங்கள். லினக்ஸில் சிஎம்பி என்ற ஒப்பீட்டுக் கட்டளைக்கு வட்டையும், முடிவில்லாமல் பூச்சியம் தரும் ‘டெவ் ஜீரோ’வையும் கொடுத்தால் அது பைட் பைட்டாக ஒப்பிடும். வட்டின் பெயருடன் ‘இஓஎஃப்’ என்று வந்து நின்றால், வட்டின் கடைசி வரை பூச்சியத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. வேறுபடுகிறது என்று ஒரு பைட் எண்ணோடு நின்றால், அந்த இடத்திலிருந்து உள்ளடக்கத்தை ஹெக்ஸ் வடிவில் திறந்து பாருங்கள். எண் மிகச் சிறியதாக இருந்தால், இணைத்த பிறகு இயங்குதளம் புதிய பகிர்வு அட்டவணையை எழுதியிருக்கலாம். நடுவில் எங்கோ இருந்தால் அழிப்பு அங்கே தவறியிருக்கிறது. பூச்சியத்துக்குப் பதில் தற்போக்கு எண்களால் மேலெழுதியவர்களுக்கு இந்தச் சோதனை உதவாது, அதனால்தான் கடைசிச் சுற்றில் பூச்சியம் எழுதச் சொல்கிறேன். என்வைப் என்ற அழிப்புக் கருவி போன்றவற்றில் சரிபார்க்கும் சுற்றும் உள்ளது. முழுவதும் படிக்க, எழுதிய அளவு நேரம் மறுபடி ஆகும்.

வட்டுகள் இல்லாமலும் சாதனம் பழைய பெயரில் வலையமைப்பில் தோன்றுகிறது

சில நாஸ்களில் தாய்ப்பலகையிலேயே சிறு ஃபிளாஷ் நினைவகம் இருக்கிறது. பெயர், வலையமைப்பு அமைப்புகள் போன்றவை அதில் பதிவாகியிருக்கும். வட்டுகளைக் கழற்றிவிட்டுக் கையேட்டில் சொன்ன முழு ரீசெட்டைச் செய்யுங்கள்; க்யூநாப் சாதனங்களில் அது பொத்தானை 10 விநாடி அழுத்துவது. பின்புற யுஎஸ்பி துளையிலும் எஸ்டி அட்டைத் துளையிலும் ஏதேனும் செருகியபடி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

சாதனத்துக்கு வெளியே இருப்பவை தனி. தொலைவிலிருந்து அணுகுவதற்காக நிறுவனத்தின் இணையக் கணக்கில் சாதனத்தைப் பதிந்திருந்தால் அங்கிருந்து நீக்குங்கள். நீக்காவிட்டால் வாங்குபவரால் சில வசதிகளைப் பதிய முடியாமல் போகலாம். மேகச் சேமிப்பில் காப்புப் பிரதி எடுக்க நாஸுக்குக் கொடுத்த அணுகல் திறவுகோல்களையும், மின்னஞ்சல் அறிவிப்புக்குக் கொடுத்த செயலிக் கடவுச்சொல்லையும் அந்தந்தக் கணக்கில் ரத்து செய்யுங்கள். ரூட்டரில் நாஸுக்காகத் திறந்துவைத்த போர்ட்டுகளை மூடுங்கள். அதே உள்முகவரி நாளை வேறொரு சாதனத்துக்குப் போகும்போது, அது இணையத்தை நோக்கித் திறந்து நிற்கும்.